கை உதறும் ஜிப்சி: டேம்பர் வாங்கும் முன் கிங்பின்னைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2004 மாடல் மாருதி ஜிப்சி கிங் இருக்கிறது. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், கேன்வாஸ் கூரை. கொடைக்கானல் பக்கம் தோட்டத்துக்குப் போய்வர செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கியதும் 235/75 ஆர் 15 டயரும் அகலமான அலாய் ரிம்மும் போட்டேன். வண்டி உயரமாக நிற்க, முன்னும் பின்னும் 50 மி.மீ. நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் கொண்டி) மாட்டினேன். இப்போது 55, 60 கி.மீ. வேகத்தில் பாலத்து இணைப்பிலோ சின்னக் குழியிலோ ஏறினால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாகப் பயங்கரமாக உதறுகிறது. வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்குகிறது. பேலன்சிங் இரண்டு முறை செய்தாயிற்று. மெக்கானிக் ஸ்டீயரிங் டேம்பரை இரண்டாகப் போடச் சொல்கிறார். இடது முன் சக்கரத்தின் உட்புறம் கிரீஸும் ஆயிலும் கலந்து வழிகிறது. ஓரளவு டூல்ஸ் இருக்கிறது, வேலையும் தெரியும். இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இரண்டாவது டேம்பரை இப்போது வாங்க வேண்டாம். டேம்பர் உதறலை அமுக்கும், அதன் காரணத்தைத் தீர்க்காது. தேய்ந்த பாகத்தின் மேல் இரண்டு டேம்பரைப் போட்டால் 60-இல் வந்த உதறல் 75-இல் வரும். அந்த வேகத்தில் மலைச் சாலையில் உங்கள் கையில் வண்டி இருக்காது.

உங்கள் கடிதத்தில் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. டயரும் ரிம்மும் ஒன்று, நீளமான ஷேக்கிள் இன்னொன்று, ஆயில் வழியும் நக்கிள் (முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) மூன்றாவது. முதல் இரண்டும் நீங்கள் போட்டவை என்பதால் அவற்றை ஒரே நாளில் கழற்றிப் பார்த்துவிடலாம். மூன்றாவதுதான் உண்மையான வேலை.

டயரிலிருந்து ஆரம்பிப்போம். ஜிப்சி கிங்குக்கு உரிய 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மி.மீ. உங்கள் டயரின் விட்டம் 733 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிகம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடுகிறது. டயரின் எடையும் கூடியிருக்கிறது. அகலமான ரிம் சக்கரத்தை வெளியே தள்ளுவதால், கிங்பின் (நக்கிள் திரும்புவதற்கான பின்) அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. ஒவ்வொரு குழியும் அந்தத் தூரத்தை நெம்புகோலாக்கி ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்க்கும். நல்ல நிலையில் உள்ள முன் அச்சு இதை ஓரளவு தாங்கும். ஆட்டம் விழுந்த அச்சு தாங்காது.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நண்பரிடமிருந்து பழைய அளவு டயரும் ஸ்டீல் ரிம்மும் இரண்டு இரவல் வாங்கி முன்னால் மட்டும் மாட்டுங்கள். 5 போல்ட், 139.7 மி.மீ. பி.சி.டி. (போல்ட் வட்டத்தின் விட்டம்) என்பதால் ஜிப்சி ரிம்கள் அப்படியே பொருந்தும். டூ-வீல் டிரைவில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் வேறு விட்டத்தில் டயர் இருக்கும்போது ஃபோர்-வீலில் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரன்ஷியலும் ஒன்றையொன்று முறுக்கும். உதறல் முழுக்க நின்றால் காரணம் உங்கள் ரிம்மோ டயரோதான். குறைந்து, ஆனால் நிற்காமல் இருந்தால் அச்சிலும் பிரச்சினை இருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

அலாய் ரிம்மைத் திரும்ப மாட்டும் முன், சக்கரத்தைத் தூக்கிய நிலையில் ஒரு கம்பியை ரிம் விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி ஒன்றரை மி.மீ.க்கு மேல் மாறினால் அந்த ரிம் முன்னால் இருக்கக் கூடாது. நட்டையும் பாருங்கள். கூம்பு நட்டுக்குக் கூம்புக் குழி உள்ள ரிம்தான் வேண்டும். தட்டையான குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ரிம் நடுவில் உட்காராது, எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் பயன் இருக்காது.

அடுத்தது ஷேக்கிள். ஜிப்சியில் முன் ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் வண்டியின் முன் முனையில் இருக்கிறது, பின் கண் சேஸிஸில் நேராகப் பிணைந்திருக்கிறது. ஷேக்கிள் நீண்டால் பட்டையின் முன் முனை மட்டும் கீழே இறங்கும். அதோடு அச்சும் சுழன்று கிங்பின்னின் மேல்தலை முன்னோக்கிச் சாயும். கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தைத்தான் கேஸ்டர் என்கிறோம். திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராவது அதனால்தான். இந்த அச்சுக்குரிய கேஸ்டர் சுமார் மூன்றரை டிகிரி. பட்டையின் இரு கண்களுக்கும் இடையே 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு முனை 50 மி.மீ. இறங்கும்போது 3 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. கேஸ்டரை ஏறக்குறைய முழுவதுமாக நீங்கள் உயரத்துக்காகச் செலவழித்துவிட்டீர்கள், அதற்குக் கிடைத்த உயரமோ 25 மி.மீ. மட்டும். திருப்பத்தில் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் சோம்பலாகத் திரும்புகிறதா, அல்லது திரும்பாமலே நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் இதுதான் காரணம்.

என் யோசனை, முன் ஷேக்கிள்களைப் பழைய அளவுக்கே மாற்றிவிடுங்கள். கட்டாயம் உயரம் வேண்டுமென்றால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் 3 டிகிரி ஆப்புத் தகடு போடலாம். ஜிப்சியில் பட்டை அச்சுக்குக் கீழே இருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் வண்டியின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் மிச்சமிருக்கும் கேஸ்டரும் போய்விடும். அலுமினிய ஆப்பு நசுங்கிப் பிளக்கும், ஸ்டீல் ஆப்பே வாங்குங்கள். ஆப்பில் சென்டர் போல்ட்டுக்கு ஓட்டை இருக்கும், போல்ட்டின் தலை அதைத் தாண்டி அச்சின் இருக்கையில் நன்றாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் நீளமான சென்டர் போல்ட் வாங்குங்கள். யூ போல்ட் நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி 6 முதல் 8 கிலோகிராம்-மீட்டர் டார்க்கில் இறுக்குங்கள். ஷேக்கிள் நட்டை மட்டும் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும்.

இனி நக்கிள். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, அச்சுக் குழாயின் கீழ் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், வேறொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் பேரிங். டயரின் இரு பக்கங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் வந்தால் டை ராட் எண்டையோ டிராக் லிங்க் முனையையோ (ஸ்டீயரிங் தண்டுகளின் மூட்டுகள்) சந்தேகியுங்கள். பந்து மூட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஆட்டச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலில் தெரியும்.

கையால் ஆட்டி ஒன்றும் தெரியவில்லை என்பதால் கிங்பின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். கிங்பின் பேரிங்குகள் கூம்பு உருளை வகை, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆட்டம் இல்லாமல் இருந்தால் போதாது, அவை ஒரு குறிப்பிட்ட இறுக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இறுக்கம்தான் நக்கிள் தன்னிச்சையாக உதறாமல் பிடித்து வைக்கிறது. அதை அளக்க ஸ்பிரிங் தராசு வேண்டும். பழைய பேப்பர் கடையில் இருக்கும் பெரிய கொக்கித் தராசு உதவாது, 5 கிலோவுக்குள் 100 கிராம் கோடு உள்ளதாக வாங்குங்கள்.

டை ராடையும் டிராக் லிங்கையும் நக்கிளிலிருந்து விலக்குங்கள். நட்டைக் கழற்றிவிட்டு, கண் பாகத்தின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் கூம்பு விட்டுவிடும், புல்லர் இருந்தால் இன்னும் நல்லது. திரெட்டின் மேல் அடிக்காதீர்கள். பிறகு நக்கிளின் பின்னால், அச்சுக் குழாய் முனையின் உருண்டையைச் சுற்றியுள்ள சீல் தகட்டின் எட்டு போல்ட்டையும் எடுத்து சீலை விலக்குங்கள். சீல் ஒட்டியிருந்தால் அதன் உரசலையும் சேர்த்து அளப்பீர்கள். நக்கிள் கையில் டை ராட் மாட்டும் ஓட்டையில் தராசைக் கொக்கி, கைக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும் கணத்தில் 1.0 முதல் 1.8 கிலோ காட்ட வேண்டும். ஹப் மாட்டியிருக்கும்போது எடுக்கும் அளவு தோராயமானதுதான், சரியான அளவு ஹப்பும் ஆக்சில் ஷாஃப்ட்டும் கழன்ற பின் கிடைக்கும். ஆனால் தோராயத்திலேயே அரைக் கிலோவுக்குக் கீழே காட்டினால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

இழுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நக்கிள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே சீராக வர வேண்டும். சக்கரம் நேராக இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவது போல் இருந்தால், உருளைகள் கப்பில் (பேரிங்கின் வெளி வளையத்தில்) தடம் பதித்துவிட்டன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தடம் அங்கேதான் பதியும். அந்தப் பேரிங்கை ஷிம்மால் (இடைத் தகட்டால்) சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

தடம் இல்லை, இறுக்கம் மட்டும் குறைவு என்றால் வேலை சுலபம். கிங்பின்னின் தட்டுக்கு அடியில் மெல்லிய ஷிம்கள் இருக்கும். ஷிம்மை எடுத்தால் பின் ஆழமாக இறங்கும், இறுக்கம் கூடும். மேலும் கீழும் சமமாக எடுங்கள். ஒரு பக்கமே எடுத்துக்கொண்டு போனால் நக்கிளின் மையம் விலகி ஆக்சில் ஷாஃப்ட் கோணலாக ஓடும். ஒவ்வொரு முறையும் 0.1 மி.மீ. அளவில் மாற்றி, நான்கு போல்ட்டையும் 2 முதல் 3 கிலோகிராம்-மீட்டரில் இறுக்கி, மறுபடி இழுத்துப் பாருங்கள். இறுக்கம் 1.8-ஐத் தாண்ட விடாதீர்கள். ஸ்டீயரிங் கனத்து, திருப்பத்தில் திரும்பி வராமல் நின்றுவிடும்.

உங்கள் இடது பக்கம் வழிவதால் அந்தப் பக்கத்தை எப்படியும் முழுக்கத் திறக்க வேண்டும். உருண்டையின் மேல் வழியும் பொருளை விரலில் எடுத்துப் பாருங்கள். கெட்டியான கறுப்பு கிரீஸ் என்றால் வெளிச் சீல் மட்டும் போயிருக்கிறது. கஞ்சி போல நீர்த்து, கியர் ஆயிலின் கந்தக வாடை அடித்தால், அச்சுக் குழாய் முனையில் உள்ள உள் ஆயில் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைப் போல இருக்கிறது. கிரீஸ் கரைந்தால் கிங்பின் பேரிங்கும் காயும், ஆகவே வழிதலும் உதறலும் ஒரே நோயாக இருக்கலாம்.

சீலை மாற்றும் முன் முன் அச்சு ஹவுசிங்கின் மேலுள்ள மூச்சுத் துவாரத்தைப் பாருங்கள். அது சேற்றில் அடைந்திருந்தால், ஓடிச் சூடான ஹவுசிங்கின் காற்று வெளியே போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் இதற்கு நேர்மாறாக நடக்கும், தண்ணீரை உள்ளே இழுக்கும். அடைந்த துவாரத்தோடு புதுச் சீல் போட்டால் அதுவும் சில வாரங்களில் வழியும். துவாரத்திலிருந்து ஒரு ரப்பர் ஹோஸை இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டுவது மிகக் குறைந்த செலவில் செய்யும் நல்ல மாற்றம். உங்கள் பகுதியில் ஓடை கடக்க வேண்டியிருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

திறக்கும் வரிசை இது. டிஃபரன்ஷியல் ஆயிலை முதலில் வடித்துவிடுங்கள், முன் அச்சில் சுமார் 2 லிட்டர் இருக்கும். பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் பட்டையில் கட்டுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். பிறகு ஹப் மூடி, லாக் நட், ஹப், கடைசியாக ஸ்பிண்டில் (ஹப் சுழலும் குழல் தண்டு). ஹப் நட்டுக்கென்று சாக்கெட் விற்கிறது, உளியை வைத்துத் தட்டிச் சுற்றினால் நட்டும் ஸ்பிண்டில் திரெட்டும் வீணாகும். ஸ்பிண்டில் துருவில் பிடித்திருந்தால் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டுங்கள். ஆக்சில் ஷாஃப்ட்டை நேராக உருவி எடுங்கள்.

கிங்பின்களை எடுக்கும் முன் மேல், கீழ், இடது, வலது என்று ஒவ்வொன்றிலும் குறி வையுங்கள். அந்தந்த ஷிம்மை அந்தந்தப் பின்னோடு கம்பியில் கோத்துவிடுங்கள். நக்கிளை இழுக்கும்போது கீழ்ப் பேரிங் கையில் விழும், தயாராக இருங்கள். கப்புகளைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுக்கலாம். புதுப் பேரிங்கைப் பழையதன் மேலிருக்கும் எண்ணைக் காட்டியே வாங்குங்கள், நம்பகமான கம்பெனியாகப் பார்த்து, இரு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு. கோனை (உள் வளையத்தை) மட்டும் மாற்றிப் பழைய கப்பை விட்டுவைப்பது பணத்தை வீணாக்குவது.

உருண்டையின் மேற்பரப்பை இந்த நிலையில் நன்றாகத் துடைத்துப் பாருங்கள். மேலோட்டமான துருவை 400 எண் வாட்டர் பேப்பரால் எடுத்துவிடலாம். நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால் புது ஃபெல்ட்டும் ரப்பரும் சீக்கிரமே கிழியும். வெளிச் சீல் முழு வளையம், நக்கிள் கழன்றிருக்கும்போது மட்டுமே உள்ளே போகும். நேரத்தை மிச்சப்படுத்த அதை ஒரு இடத்தில் வெட்டிச் சுற்றி மாட்டுபவர்கள் உண்டு. வெட்டிய இடத்தில் சேற்றுத் தண்ணீர் புகும், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உள் ஆயில் சீலை அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி, உதட்டில் கிரீஸ் தடவுங்கள். ஷாஃப்ட்டைத் திரும்பச் செலுத்தும்போது ஸ்ப்ளைன் பற்கள் அந்த உதட்டில் உரசாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே செலுத்துங்கள். புதுச் சீல் முதல் நாளே வழிவதற்கு இந்த உரசல்தான் வழக்கமான காரணம்.

ஷாஃப்ட் போகும் முன்பே தராசு அளவை முடித்துவிடுங்கள். மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸைப் பேரிங்குக்குள் அழுத்தி நிரப்பி, ஷாஃப்ட் மூட்டின் உருண்டைகளுக்கு இடையிலும் திணியுங்கள். நக்கிளின் உள்வெளி பாதியளவு நிறைந்தால் போதும், முழுக்க அடைத்தால் சூட்டில் கிரீஸ் சீலைத் தள்ளும். ஸ்பிண்டிலின் சேர்க்கையில் சிலிகான் பேஸ்ட் மெல்லிய கோடாக. டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.5 தரத்தில் 80 டபிள்யூ 90 ஆயில், நிரப்பும் ஓட்டையின் விளிம்பு வரை.

டை ராட் எண்ட் நட்டை இறுக்கியபின் காட்டர் பின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய காட்டர் பின்னை மறுபடி போடாதீர்கள்.

டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருப்பது) வீட்டிலேயே வைக்கலாம். சமதளத்தில் வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தி, இரு முன் டயர்களின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். அச்சு மைய உயரத்தில் முன்பக்கம் ஒருமுறை அளந்து, அதே கோடுகள் பின்பக்கம் வரும்வரை வண்டியை உருட்டி மறுபடி அளக்கவும். முன்பக்க அளவு 2 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். ரேடியல் டயருக்கு 2, 3 மி.மீ. பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் வளையத்தின் ஆட்டம் 10 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கு மேல் இருந்து, மூட்டுகள் எல்லாம் சரியாகவும் இருந்தால் மட்டும் ஸ்டீயரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் தொடுங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு. இடமிருந்து வலம் முழுக்கத் திருப்பி எங்கும் பிடிக்காமல் வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த எட்டில் ஒரு பங்கு.

டேம்பரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளுங்கள். முழு நீளத்துக்கும் ஒரே சீரான எதிர்ப்பு இருந்தால் அதுவே போதும். நடுவில் சும்மா நழுவினால் புதிது ஒன்று போடுங்கள். ஒன்றே ஒன்று.

50 கி.மீ. ஓடியதும் கிங்பின் போல்ட், யூ போல்ட், சக்கர நட்டு மூன்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். 500 கி.மீ.யில் தராசு அளவை இன்னொரு முறை எடுங்கள். புதுக் கப் இருக்கையில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் 0.1 மி.மீ. ஷிம் ஒன்று எடுக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. 2004 வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பெரிய டயரும் ஷேக்கிளும் அங்கே கேள்விக்குள்ளாகும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும். தோட்டத்துப் பாதைக்கு 215/75 ஆர் 15 டயரை அசல் ஸ்டீல் ரிம்மில் போடுவது பற்றி யோசியுங்கள். விட்டம் 703 மி.மீ., அசலைவிட 5 சதவீதம்தான் அதிகம். அசல் அளவைத் தாண்டியது என்பதால் அதையும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஜிப்சியின் எடை குறைவு, ஆகவே சேற்றில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாலும் டயரின் பற்கள்தான். உயரம் உதவுவது பாறையில் மட்டும்.

வேலை முடியும்வரை 40 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம், குடும்பத்தோடு மலை இறங்கவும் வேண்டாம். மீறி உதறல் வந்துவிட்டால் ஸ்டீயரிங்கை இரு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக்கை மெதுவாக மிதித்து 20-க்குக் கீழே கொண்டுவாருங்கள். சட்டென்று பிரேக் அடித்தால் எடை முழுக்க முன் அச்சில் விழுந்து உதறல் இன்னும் முரடாகும்.